ஜூலையில் வாங்கிய கம்பளிக் கோட்டு

ஐன் த்ராஹம்,
6 ஜூலை 1993

தலிந்தாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம்.

லாமியா பக்கலோரியாப் பரீட்சையில் தேறிவிட்டாள். அவள் அப்பா வனத்துறை அலுவலகத்தில் எதிர்ப்படுகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தக்கை மரப்பட்டை ஏற்ற வந்த லாரிக்காரர்கள்கூட வீட்டுக்கு வந்து சர்பத் குடித்துவிட்டுப் போனார்கள். துனிஸ் பல்கலைக்கழகத்தில் இடம் நிச்சயம் என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். செப்டம்பர் நடுவில் வகுப்பு தொடங்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்து நீல அங்கியை விட்டால் அவளிடம் இலையுதிர்காலத்துக்கு உடுத்த ஒன்றும் இல்லை. இந்த மலையில் ரப்பர் பூட்ஸும் ஆட்டிடையன் போர்வையும்தான் விற்கிறார்கள். கோடையில் பழந்துணிச் சந்தையில் பொதி பிரிக்கும்போது கம்பளியை யாரும் தொடுவதில்லை, நல்ல கோட்டெல்லாம் அடியில் கிடக்கும், செப்டம்பர் வந்தால் துனிஸ் முழுக்க அங்கே வந்து நிற்கும் என்று நீதான் ஒரு முறை எனக்குச் சொன்னாய். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

ஒரு கோட்டு. முழங்காலுக்குக் கீழே வருகிற பாவாடை இரண்டு. ஒரு கம்பளிச் சட்டை. நனைந்தாலும் நாறாத ஷூ. எல்லாம் அடர்ந்த நிறத்தில். அளவுகளைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். பணத்தை லுவாஜ் வாடகைக் கார் ஓட்டுகிற பெஷீரிடம் கொடுத்தனுப்புகிறேன். துணியையும் அவரிடமே கொடு.

போன அக்டோபரில் நடந்ததைப் பற்றி எழுத மாட்டேன். ஆனால் ஒன்று. "துனிஸுக்கு வா லாமியா, உன்ன ஒரு மனுஷியா ஆக்கறேன்" என்று என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், என் கண் முன்னால் நீ சொன்னாய். அதுவரை நான் அவளை என்னவாக வளர்த்துக்கொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தாயா?

ஸக்கியா


துனிஸ்,
13 ஜூலை

அன்புள்ள அக்கா,

ஒன்பது மாதத்துக்குப் பிறகு உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துப் பல் டாக்டரிடம் வேலைக்கு ஏறுகிற மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். படித்து முடித்ததும் எழுந்து, காத்திருந்த நோயாளிகள் எல்லோருக்கும் என் அக்கா மகள் தேறிவிட்டாள் என்று சொன்னேன். தாடை வீங்கியவர்கள் என்ன வாழ்த்துவார்கள், தலையை ஆட்டினார்கள்.

அன்றைக்கு மதியமே ஹஃப்சியா சந்தைக்கு ஓடினேன். என்ன வெயில் தெரியுமா. துணிக்காரர்கள் தார்ப்பாய்க்குக் கீழே வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறார்கள். "கோட்டு இருக்கா?" என்று கேட்டேன். ஒருவன் கண்ணைத் திறக்காமலே, "ஏம்மா, காய்ச்சலா?" என்றான். நானே பொதிக்குள் இறங்கிக் கிளறினேன். கம்பளி உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டது. அடியில் கிடைத்தது அக்கா. போத்தல் பச்சை. உள்ளே பட்டு மாதிரி லைனிங், கொம்புப் பித்தான்கள், ஒன்றுகூட உதிரவில்லை. யாரோ வெளிநாட்டுப் பணக்காரி நாலு தடவை போட்டுவிட்டுத் தூக்கிப் போட்டிருக்கிறாள்.

அடர்ந்த நிறம் என்று எழுதியிருந்தாய். பச்சையும் அடர்ந்த நிறம்தான். அவளுக்குப் பதினெட்டு வயது, இத்தாவில் உட்கார்ந்த விதவை இல்லை.

முற்றத்தைப் பார்த்த அறையைக் காலி செய்துவிட்டேன். விடுதி வேண்டாம். என்னிடம் இருக்கட்டும். தையல் மெஷினைச் சமையலறைக்கு மாற்றி, ஒரு அலமாரியும் பார்த்து வைத்திருக்கிறேன்.

போன அக்டோபரைப் பற்றி நீ எழுதாமலே எழுதியதற்கு நானும் பதில் எழுதாமல் விடுகிறேன். ஆனால் ஒன்று. விடிந்ததும் நான் பையைத் தூக்கிக்கொண்டு மழையில் நின்றபோது நீ ஜன்னலில் நின்றாய். உனக்குக் கதவைத் திறக்கத் தெரியும்.

தலிந்தா


ஐன் த்ராஹம்,
22 ஜூலை

தலிந்தாவுக்கு,

மூட்டை வந்தது. கோட்டு நல்ல துணி, மறுக்க மாட்டேன். நீளம் குறைவு. ஓரத்தைப் பிரித்து இறக்கித் தைத்தேன். கழுத்துப் பட்டை நாட்டியக்காரிக்கு வைத்தது மாதிரி பெரிசாக இருந்தது, அதையும் சிறிதாக்கிவிட்டேன்.

லாமியா போட்டுப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். பிறகு, "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுக் கழற்றி, மடித்து, என் கையில் கொடுத்தாள். கடையில் விலை கேட்டவள் திருப்பிக் கொடுப்பது மாதிரி. சந்தோஷத்தில் அதற்குமேல் பேச்சு வரவில்லை போலிருக்கிறது.

அவள் அப்பா எட்டிப் பார்த்து, "என்ன, ஜூலையிலயே பனி விழுந்துடுச்சா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார். ஆண்களுக்கு என்ன தெரியும். குளிர் வந்து நிற்கும்போது துணி தேடுகிறவள் பாதி குளிரை உடம்பில் வாங்கிக்கொண்டுதான் கடைக்குப் போவாள்.

இன்னும் வேண்டியவை: தடித்த காலுறை, ஃபிளானல் இரவு உடை, உள்ளே போட இரண்டு பனியன். நான் காலையில் எழுந்ததும் இதைத்தான் நினைக்கிறேன். வாணலியைக் கிளறும்போது காலுறை ஞாபகம் வருகிறது. காலுறையை எழுதி வைத்தால் குடை ஞாபகம் வருகிறது. ஏதோ ஒன்றை மறந்துவிடுவேன், அதில்லாமல் அவள் அங்கே நடுங்கி நிற்பாள் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

அறை விஷயம் பிறகு பார்க்கலாம். விடுதியில் அவள் வயதுப் பெண்கள் இருப்பார்கள். உன் வீட்டுக்கு வெள்ளிக்கிழமைகளில் விருந்தாளியாக வரட்டும்.

ஸக்கியா


துனிஸ்,
30 ஜூலை

அக்கா,

காலுறை, இரவு உடை, பனியன் எல்லாம் இத்துடன். இன்னும் சில சேர்ந்துவிட்டன. கோபிக்காதே. பழுப்புத் தோல் பூட்ஸ், குதிகால் தேயவே இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு முழு செட், பாவாடையும் மேல்கோட்டும், வாய்மொழித் தேர்வுக்கு. சிவப்புக் கழுத்துத் துணி. பிளவுஸ் இரண்டு, அதில் ஒன்று கொஞ்சம் மெல்லிசு, உள்ளே பனியன் போட்டால் போதும், முகத்தைச் சுளிக்காதே. பூட்ஸை மட்டும் இப்போதே அனுப்புகிறேன், போட்டு நடந்து பழகட்டும். மற்றவை இங்கே அலமாரியில் தொங்குகின்றன.

பொதி பிரிக்கிற நாட்களில் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு அங்கேதான் நிற்கிறேன். வேலைக்கு வந்த பிறகும் கை சும்மா இருப்பதில்லை. வாய் பிளந்து உட்கார்ந்திருக்கிற பெண்களின் பாவாடை ஓரத்தைப் பார்க்கிறேன், இது அவளுக்கு எப்படி இருக்கும் என்று. நேற்று டாக்டர் பஞ்சு கேட்டார். நான் பித்தான் என்று காதில் வாங்கி மேசையெல்லாம் தேடினேன். "தலிந்தா, உனக்கு என்ன ஆச்சு?" என்றார். "வீட்டுக்குப் பொண்ணு வர்றா டாக்டர்" என்றேன்.

இப்போது துணிக்காரர்களுக்கெல்லாம் என்னைத் தெரியும். ஹம்மாதி என்று ஒரு ஆள், நல்ல பொதி வந்தால் எனக்காகத் தனியே ஒதுக்கி வைக்கிறான். சாம்பல் செட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, "மகளுக்குத்தானே? கொடுத்து வச்சவ, இப்படி அலையற அம்மா யாருக்குக் கிடைப்பாங்க" என்றான். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டான். வீடு வரும் வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

லாமியா எனக்கு ஒரு வரி எழுதக் கூடாதா? பிடித்த நிறம் எது என்று அவளுக்கே கேட்டு எழுதினேனே.

தலிந்தா


ஐன் த்ராஹம்,
7 ஆகஸ்ட்

தலிந்தா,

நீ இல்லை என்று சொல்லவில்லை. அதையும் சிரித்துக்கொண்டு எனக்கு எழுதுகிறாய்.

சாலை மூடிப் பனி கிடந்தபோது, ஜெந்தூபா ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமல், வனத்துறை டிராக்டரில் படுத்துக்கொண்டு மலை மருத்துவச்சி வீட்டுக்குப் போய் அவளைப் பெற்றேன். நீ அப்போது துனிஸில் தட்டச்சு வகுப்பில் இருந்தாய். அவளுக்குக் கக்குவான் வந்தது, கை முறிந்தது, பாம்பு கடித்தது. அப்போதெல்லாம் உனக்குத் தோன்றாத அம்மா வேஷம் இப்போது ஒரு துணிக்காரன் முன்னால் தோன்றிவிட்டது.

பூட்ஸைத் திருப்பி அனுப்புகிறேன். இனி ஒன்றும் வாங்காதே. மற்றதை நான் ஜெந்தூபாவில் பார்த்துக்கொள்கிறேன். அவள் விடுதியில்தான் இருப்பாள். இதில் பேச்சில்லை.

ஸக்கியா


துனிஸ்,
12 ஆகஸ்ட்

அக்கா,

பூட்ஸ் வந்து சேர்ந்தது. பெஷீர் பையைக் கொடுத்துவிட்டு, "அளவு சரியில்லையா?" என்று கேட்டார். ஆமாம், அளவு சரியில்லை என்றேன்.

ஒரு துணிக்காரன் தப்பாக நினைத்தான். அந்த நினைப்பை அவன் தலையில் ஒரு பத்து நிமிஷம் விட்டு வைத்தேன். அவ்வளவுதான் நான் உன்னிடமிருந்து எடுத்தது. அதையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், நாளைக்கே போய்ச் சொல்லிவிடுகிறேன்.

டிராக்டரைப் பற்றி எனக்குத் தெரியும். அந்த வாரம் வகுப்பை விட்டுவிட்டு ஜெந்தூபாவரை வந்து, சாலை மூடியதால் உன்னைப் பார்க்க முடியாமல் திரும்பினேன். நீ கேட்டதில்லை, நான் சொன்னதில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபத்தில் இல்லை. நான் இரண்டு கடிதம் போட்டும் அவள் பதில் எழுதவில்லை. உன்னிடம் ஏதாவது சொல்கிறாளா? பச்சை பிடிக்குமா, சிவப்பு பிடிக்குமா, துனிஸ் பிடிக்குமா, எதையாவது?

தலிந்தா


ஐன் த்ராஹம்,
24 ஆகஸ்ட்

தலிந்தா,

உனக்கு எழுதக் கூடாது என்றிருந்தேன். வேறு யாரிடம் சொல்வது.

நேற்று மொட்டை மாடியில் குளிர்காலத்துக்குக் கோதுமை மாவில் கூஸ்கூஸ் உருட்டிக்கொண்டிருந்தோம். நானும் பக்கத்து வீட்டு மப்ரூக்காவும். வெள்ளைப் போர்வைகளை விரித்துக் காயப் போட்டிருந்தோம். லாமியா பள்ளிக்கூடத்துக்குப் போய், யாருக்கு எங்கே இடம் என்று ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு வந்தாள். படியேறி வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"எந்தக் கல்லூரிடி? உன் சித்தி வீட்டுக்குப் பக்கமா, தூரமா?" என்று கேட்டேன்.

"துனிஸ் இல்லம்மா. தெக்கே, ஸ்ஃபாக்ஸ்."

"தப்பாப் போட்டிருப்பாங்க. அப்பாகிட்டச் சொல்லி எழுதச் சொல்லலாம்."

"தப்பு இல்ல. நான்தான் ஸ்ஃபாக்ஸ் வேணும்னு முதல்ல கேட்டேன்."

என் கையில் மாவு காய்ந்துகொண்டிருந்தது. "ஸ்ஃபாக்ஸ்ல உனக்கு யாருடி இருக்கா?" என்றேன்.

"யாரும் இல்ல. அதனாலதான் கேட்டேன்."

பிறகு, நான் ஆறுதலடைய வேண்டும் என்று நினைத்தோ என்னவோ, "அங்க டிசம்பர்லகூடக் கோட்டு தேவைப்படாதாம்மா" என்றாள். மப்ரூக்கா சிரிக்க ஆரம்பித்தாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நான் சல்லடையைத் தூக்கி எறிந்தேன், தலிந்தா. அவள் மேல் இல்லை, சுவரில். ஒரு நாள் வேலை போர்வையெல்லாம் சிதறியது. லாமியா குனிந்து பொறுக்கினாள்.

சாயங்காலம் சமையலறையில் என் பக்கத்தில் வந்து நின்றாள். "துனிஸ் போனா நான் என்ன போடணும்னு சித்தி சொல்லுவாங்க. என்ன போட்டேன்னு உனக்கு எழுதுவாங்க. நீ அதுக்கு வேற போடச் சொல்லி எழுதுவே. எனக்குனு ஒரு சட்டைய நான் எப்பம்மா எடுக்கறது? ஜூலையிலருந்து இந்த வீட்டுல என்னப் பத்தித்தான் பேச்சு. என்கிட்ட யாரும் பேசல."

அவள் அப்பாவிடம் முறையிட்டேன். "ஸ்ஃபாக்ஸ்காரங்க உழைப்பாளிங்க, போகட்டும்" என்று சொல்லிவிட்டு ரேடியோவைத் திருப்பினார்.

உன் அலமாரிக்கும் உன் மெல்லிசு பிளவுசுக்கும் பயந்துதான் அவள் ஓடுகிறாள் என்று நேற்று முழுக்க உன்னைத் திட்டினேன். இன்று காலை கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். நான் சிறிதாக்கிய கழுத்துப் பட்டையைப் பார்த்தேன். அது முன்பு இருந்தபடியே அழகாகத்தான் இருந்தது.

உனக்கு முன்பே தெரியுமா? உண்மையைச் சொல்.

ஸக்கியா


துனிஸ்,
31 ஆகஸ்ட்

அக்கா,

தெரியாது. என் கண்ணின் மேல் ஆணை, தெரியாது.

உன் கடிதத்தை அந்த அறையில் உட்கார்ந்துதான் படித்தேன். அலமாரிக் கதவு திறந்திருந்தது. சாம்பல் செட், பிளவுஸ்கள், கீழே பூட்ஸ். ஆள் இல்லாமல் நிற்கிற ஒரு பெண் மாதிரி இருந்தது. எனக்குக் கோபம் வந்தது, அவள் மேல். இந்த வெயிலில் அலைந்தேனே, ஒரு வரி எழுதக் கூடாதா இந்தப் பெண் என்று. பிறகு நினைத்துப் பார்த்தேன். பதினெட்டு வயதில் நான் துனிஸுக்கு ஏன் வந்தேன்? தட்டச்சு படிக்கவா? இங்கே யாரும் இல்லை என்பதால்தான் வந்தேன். நீ பெட்டி கட்டிக் கொடுத்த துணியெல்லாம் என்ன ஆனது தெரியுமா? முதல் வாரத்திலேயே விற்றுவிட்டு, ஒரு மஞ்சள் குட்டைப் பாவாடை வாங்கினேன். கண்றாவியாக இருந்தது. மூன்று வருஷம் போட்டேன்.

உன்னிடம் இதைச் சொன்னதே இல்லை. இப்போது நீ என்னை அடிக்க வேண்டுமென்றால் நானூறு மைலாவது வந்தாக வேண்டும்... இல்லை, அவ்வளவு தூரம் இல்லை, அரை நாள் பயணம்தான். நாமே அதை அவ்வளவு தூரமாக்கி வைத்திருக்கிறோம்.

அக்கா, உங்கள் மலையிலிருந்து ஸ்ஃபாக்ஸுக்குப் போகிறவர்கள் துனிஸ் வழியாகத்தான் போயாக வேண்டும். ஒரு ராத்திரி என் வீட்டில் தங்கிவிட்டுப் போகட்டும். அலமாரியைப் பூட்டிவிடுகிறேன். சட்டை என்ற வார்த்தையே எடுக்க மாட்டேன். அவளிடம் கேட்டு எழுது. முடிவு செய்துவிட்டு எழுதாதே, கேட்டுவிட்டு எழுது.

தலிந்தா


ஐன் த்ராஹம்,
9 செப்டம்பர்

தலிந்தா,

கேட்டேன். "சித்திகிட்ட ஒரு நாள் தங்கறோம்" என்று அவளே சொன்னாள். அவள் அப்பா கொண்டுபோய் விடுகிறார். அடுத்த வியாழக்கிழமை வருவார்கள். எனக்கும் போக ஆசைதான். இங்கே ஆட்டையும் வீட்டையும் யார் பார்ப்பது என்று அவர் கேட்டார். நானும் சரி என்றுவிட்டேன்.

ஒரே ஒரு சின்னப் பெட்டி எடுத்துப் போகிறாள். கோட்டை வேண்டாம் என்றுவிட்டாள், மரியாதையாகத்தான். நேற்று முதல் மழை பெய்தது. இந்த வருஷம் சீக்கிரம். குடையை நீட்டினேன், "ஸ்ஃபாக்ஸ்ல மழையா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவளுக்கு ஒன்றும் வாங்கிக் கொடுத்துவிடாதே. வயிறு நிறையச் சோறு போடு. வழியில் கார் மலைப்பாதையில் திரும்பும்போது அவளுக்குக் குமட்டும், எலுமிச்சை கொடுத்தனுப்புகிறேன்.

அக்கா


துனிஸ்,
17 செப்டம்பர்

அன்புள்ள அக்கா,

போய்விட்டாள். ரயில் நிலையத்திலிருந்து வந்து நேராக எழுத உட்கார்ந்தேன்.

அத்தான் வந்ததும் சாப்பிட்டுவிட்டு, தன் ராணுவ நண்பர் ஒருவரைப் பார்க்க காப்பிக் கடைக்குப் போய்விட்டார். நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். வெயில், வழி, கூஸ்கூஸ், இப்படியே பேசினேன். கடைசியில் அவளே, "சித்தி, நீங்க அலைஞ்ச அந்தச் சந்தை எங்க இருக்கு?" என்றாள்.

கூட்டிக்கொண்டு போனேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன் அக்கா, எதையும் எடுத்து நீட்டிவிடக் கூடாது என்று. அவள் ஒவ்வொரு பொதியாகப் போனாள். என் நல்ல துணிகளையெல்லாம் தாண்டிப் போனாள். ஆண்கள் போடுகிற ஒரு ஜீன்ஸ் சட்டையை இழுத்து எடுத்தாள். வெளுத்தது, தோள் தொங்குவது, பித்தான் பாதி இல்லாதது. பார்க்க மெக்கானிக் மாதிரி இருந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஹம்மாதியிடம் விலை கேட்டாள். அவன் சொன்னான். "மாமா, பித்தானே பாதிதான் இருக்கு, விலைய மட்டும் முழுசாச் சொல்றீங்க" என்றாள். "பித்தான் உங்க சித்தி வச்சுத் தருவாங்க" என்றான் அவன். "வேணாம், நானே வச்சுக்கறேன். அதுக்கும் சேத்துக் குறைங்க" என்றாள். ஆட்டுச் சந்தையில் நீ நிற்பது மாதிரியே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவன் குறைத்தான்.

பிறகு ஒரு கடையில் முட்டை வைத்துப் பொரித்த பிரிக் வாங்கித் தின்றோம். மஞ்சள் கரு வழிந்து புதுச் சட்டையில் விழுந்தது, அவள் கவலைப்படவில்லை. அப்போதுதான் பேசினாள்.

"அம்மாவுக்கு நான் எழுதுவேன் சித்தி. ஆனா கடுதாசி வந்தா அப்பா பிரிச்சு எல்லாருக்கும் சத்தமா வாசிச்சுக் காட்டுவார். அதுல என்னத்த எழுத? உங்க கடுதாசி மட்டும் தப்பிக்குது. நீங்க எழுதற துணிக்கதையப் படிக்க அவருக்குப் பொறுமை இல்ல."

"என்ன எழுதணும் உனக்கு?"

"ஒண்ணும் இல்ல. எனக்குப் பயமா இருக்குன்னு எழுதணும். ஸ்ஃபாக்ஸ் வேணும்னு நான்தான் கேட்டேன், இருந்தாலும் பயமா இருக்கு. அம்மாகிட்டச் சொன்னா உடனே இன்னொரு கம்பளிச் சட்டை எடுத்துட்டு வருவாங்க. அவங்க தனியா ஒரு தடவ என்னப் பார்க்க வரட்டும். அப்பாவோட வந்தா அப்பாதான் பேசுவார். அம்மா ஜெந்தூபாவத் தாண்டித் தனியாப் போனதே இல்ல, தெரியுமா உங்களுக்கு? போன ரெண்டு மாசமா எனக்காக என்னென்னமோ எடுத்து வச்சாங்க. அவங்களுக்குனு ஒரு கைக்குட்டைகூட எடுத்துக்கல."

இதை நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன். கூட்ட ஆசையாகத்தான் இருக்கிறது.

ரயில் ஏறும்போது என்னைக் கட்டிக்கொண்டாள். அந்த மெக்கானிக் சட்டை கன்னத்தில் உரசியது. அத்தான் மூக்கைச் சிந்திக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உனக்குச் சொல்ல மாட்டார், அதனால் நான் சொல்கிறேன்.

அக்கா, வா. என்ன உடுத்திக்கொண்டு போவது என்று நீ இப்போதே யோசிக்க ஆரம்பித்திருப்பாய். உன் அளவை அனுப்பு. ஹம்மாதியிடம் சொல்லி வைக்கிறேன். அவனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன், அது அக்கா மகள் என்று. "அதுக்கென்ன, அலைஞ்சது நீங்கதானே" என்றான்.

தலிந்தா


ஐன் த்ராஹம்,
3 அக்டோபர்

தலிந்தா,

உன் கடிதத்தை மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பல தடவை படித்தேன். பதில் எழுதத் தாமதமானது. எழுத உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். எழுந்தால் என்ன செய்ய எழுந்தேன் என்று மறந்துபோகிறது. நாள் முழுக்க மழை. மூன்று தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைக்கிறேன். அலமாரியைத் திறக்கிறேன், மூடுகிறேன். இத்தனை நாளும் அந்தத் துணிகளைத் தேடிக்கொண்டிருந்ததால்தான் அவள் போகப் போகிறாள் என்பது எனக்கு உறைக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

பச்சைக் கோட்டை மப்ரூக்காவின் மகளுக்குக் கொடுத்துவிட்டேன். தபர்காவில் வேலை கிடைத்திருக்கிறது அவளுக்கு. போட்டுக்கொண்டு முற்றத்தில் ஒரு சுற்றுச் சுற்றினாள், அவளுக்கென்றே வெட்டியது போல இருந்தது. எனக்குக் கொஞ்சம் வலித்தது. நீ கோபித்துக்கொள்ளாதே.

அளவு கேட்டிருந்தாய். மப்ரூக்கா டேப்பைப் பிடித்து எடுத்தாள். நான்கு பேர் அளவை ஒன்றாகச் சேர்த்தது மாதிரி வந்தது. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அந்தத் தாளை அடுப்பில் போட்டுவிட்டேன். எனக்கு ஒன்றும் வாங்காதே. அந்தச் சந்தையை எனக்குக் காட்டு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நில். எனக்கு என்ன பிடிக்கும் என்று எனக்கே தெரியாது, கொஞ்ச நேரம் ஆகும்.

நேற்றுச் சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன். "சனிக்கிழமை துனிஸுக்குப் போறேன். அங்கருந்து ஸ்ஃபாக்ஸ்."

"யாரோட?"

"தனியா."

ரொட்டியைப் பிய்த்தவர் அப்படியே கையில் வைத்துக்கொண்டிருந்தார். "எனக்கு லீவு கிடைக்காதே" என்றார். "உங்களுக்கு லீவு வேணாம்" என்றேன். "அப்ப சாப்பாடு?" என்றார். ஹரிஸ்ஸா மிளகாய் விழுது இருக்கிறது, முட்டை இருக்கிறது, மப்ரூக்கா ரொட்டி சுடுவாள் என்றேன். அவர் எழுந்து, மழையிலேயே வெளியே போனார். போகட்டும் என்று நான் தட்டுகளைக் கழுவினேன். ஒன்று உடைந்தது. அவர் நனைந்து திரும்பி வந்து, தொப்பியை உதறிக்கொண்டே, "பெஷீர்கிட்டச் சொல்லிட்டேன். முன் சீட்டு உனக்கு. பின்னாடி உட்கார்ந்தா குமட்டும்" என்றார்.

லாமியாவுக்குக் குமட்டுவது என்னிடமிருந்து வந்தது என்று இத்தனை வருஷமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சனிக்கிழமை மதியம் பாப் ஸாதூன் லுவாஜ் நிலையத்தில் இறங்குவேன். கூட்டத்தில் எனக்கு யாரையும் தேடத் தெரியாது. நான் கார் பக்கத்திலேயே நிற்கிறேன், நீ வா. மறுநாள் ஸ்ஃபாக்ஸ் ரயிலில் நீயும் என்னோடு வர வேண்டும். என்னைத் தனியாக வரச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். விடுதி வாசல்வரை வா, போதும். அதற்குப் பிறகு நான் போகிறேன். அவளிடம் என்ன பேசுவது என்று இன்னும் பிடிபடவில்லை. வழி நீளம்தானே, நீ முதலில் பேச ஆரம்பி.

அக்கா